டிரைவர் வேலுசாமி பார்த்த கோயில்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு எத்தனை முறை போயிருப்பார் என்று வேலுசாமிக்கே கணக்கு இல்லை. மகாபலிபுரம், செஞ்சிக் கோட்டை, திருமலை நாயக்கர் மகால், ராமேஸ்வரம் எல்லாமே அப்படித்தான். ஏர்க்காட்டில் ராஜ்குமார் என்பவருடைய டிராவல்ஸில் அவர் வேன் ஓட்டினார். கல்யாணம் ஆன வருடத்தில் ஸ்டியரிங் பிடித்தவர். மகள் ரம்யாவுக்குக் கல்யாணம் முடித்து, பேரன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அதே வேலை. உள்ளூர் சவாரி என்றால் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்று. வெளியூர் சவாரி என்றால் மூன்று நாள், நான்கு நாள், சில சமயம் ஒரு வாரம்.

அவருடைய மனைவி புவனா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். ஊருக்கெல்லாம் லீவு விட்டால்தான் இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை அதிகம். பொங்கல், பள்ளிப் பரீட்சை முடிந்த மே மாதம், பூஜை விடுமுறை எதிலும் இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்ததில்லை. கீழே சேலத்துக்கு இறங்கிப் போவதே ரம்யாவுக்குப் பிரசவம், காய்ச்சல் என்றால்தான்.

ஆனாலும் வெளியூர் போய் வந்த அன்றைக்குச் சோறு போடும்போது புவனா கேட்பாள்.

“எப்படீங்க இருந்துச்சு?”

வேலுசாமி சொல்வார். செஞ்சியில் மலை உச்சிக்கு எப்படித்தான் பீரங்கியை ஏற்றினார்களோ என்பார். மகாலின் தூணை மூன்று பேர் கைகோர்த்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும் என்பார். தஞ்சாவூர்க் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்பார். புவனா அதையெல்லாம் மறுநாள் படுக்கை விரிப்பு மடிக்கும்போது கூட வேலை செய்யும் வனிதாவிடம் சொல்வாள். “எங்கூட்டுக்காரரு பாக்காத எடமில்ல” என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஐப்பசி மழையில் சேலம் சாலையில் பாறை சரிந்து, வண்டிகளையெல்லாம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்ட நாட்களில்தான் அது நடந்தது. ராமேஸ்வரம் போய்த் திரும்பிய குடும்பத்தை மலை மேல் கொண்டுவந்து இறக்கிய கையோடு, வேறொரு குடும்பத்தை ரயில் பிடிக்கக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்த மத்தியானம். மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. பின்னால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலுசாமியும் தூங்கினார்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு மூச்சு விடுகிற நேரமாக இருக்கலாம். வண்டியின் இடப்பக்கம் கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டு போகிற சத்தத்தில் கண் திறந்தார். திறந்தபோது எதிரே சாலை இல்லை. சில்வர் ஓக் மரங்களின் நுனி தெரிந்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். வண்டி குலுங்கி, திரும்பி, சாலைக்கு வந்தது.

பின்னால் ஒரு அம்மா மட்டும் விழித்துக்கொண்டு, “என்னாச்சு டிரைவர்?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. கல்லு.”

அந்த அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். வேலுசாமி அவர்களை ரயிலடியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, குப்பனூரில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். டீ வாங்கி வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கீறலைப் பார்த்தார். திரும்பி வந்தபோது டீ ஆறியிருந்தது.

அன்று சாயங்காலமே ராஜ்குமாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டியின் கீறலைத் தடவிப் பார்த்த ராஜ்குமார் கோபப்படவில்லை.

“அண்ணே, கீறல் கெடக்குதுங்க. ரெண்டு நாள் நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க.”

“தூங்கத்தான் போறேன் சாமி. ஆனா வரமாட்டேன்.”

சொன்னபடியே தூங்கினார். காலையில் எழுந்து காபி குடித்துவிட்டுத் தூங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். புவனா வேலைக்குப் போகும்போது எப்படிக் கிடந்தாரோ, அவள் திரும்பி வரும்போதும் அதே பக்கம் ஒருக்களித்துக் கிடப்பார். முதலில் அவள் பயந்துபோனாள். சேலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். “மத்தபடி ஒண்ணுமில்லம்மா, உடம்பு அசந்து போயிருக்கு. தூங்கட்டும்” என்றார் டாக்டர். சுவர் உரசிய கதையை வேலுசாமி டாக்டரிடமும் சொல்லவில்லை, புவனாவிடமும் சொல்லவில்லை. ராஜ்குமார் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததாக அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

தை மாதம் முடிந்து மலையில் கூட்டம் ஓய்ந்தது. ஒருநாள் புவனா, “ஏனுங்க, நீங்க பாத்ததையெல்லாம் எனக்கு ஒருவாட்டி காட்டறீங்களா?” என்று கேட்டாள். “மொதல்ல அந்த நெழலு உழுவாத கோயிலு.”

வேலுசாமி முட்டிவலியைச் சொன்னார். வெயிலைச் சொன்னார். பஸ் நெருக்கடியைச் சொன்னார்.

“நான் ஒருத்தியே போயிட்டு வந்தர்றனுங்க” என்றாள் புவனா. அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை.

முதல்நாள் இறங்கி, சேலத்தில் கோரிமேட்டில் இருக்கும் மகள் வீட்டில் தங்கி, விடிகாலையில் திருச்சி பஸ் ஏறுவதாக ஏற்பாடு. ஏர்க்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வேலுசாமிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐந்தாறு வளைவு தாண்டுவதற்குள் அவருக்கு வயிற்றைப் புரட்டியது. இத்தனை வருடம் எத்தனையோ பேருக்குப் புளிப்பு மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் எடுத்துக் கொடுத்தவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். புவனா முதுகைத் தடவிவிட்டாள். அடிவாரத்தில் இறங்கி முகம் கழுவும்போது, “ஓட்டறவனுக்கு வராது புள்ள, உக்காந்து வாரவனுக்குத்தான் வருது” என்றார். சொல்லும்போது ஏனோ அவமானமாக இருந்தது.

தஞ்சாவூரில் போய் இறங்கும்போது வெயில் உச்சி தாண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து புவனாவின் கால் வீங்கியிருந்தது. ஆனால் கோயிலை நோக்கி நடந்தபோது அவள்தான் முன்னால் போனாள். வேலுசாமி வண்டிகள் நிற்கிற பக்கமாகவே நடந்தார். அங்கே ஒரு வேப்பமரம், அதற்கடியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் இவரைப் பார்த்துவிட்டார்.

“ஏர்க்காட்டு அண்ணே! என்னா ஆளையே காணோம்? வண்டி எங்கே?”

“வண்டி இல்லீங்க. சும்மா வந்தேன். இது எங்கூட்டுல.”

“வாங்கக்கா” என்று கும்பிட்ட கடைக்காரர், இருவரும் கோயில் பக்கம் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். “உள்ள போகப் போறீங்களா? அதிசயமா இருக்கே! அக்கா, இத்தனை வருசமா அண்ணன் இங்க வர்றாரு. மரத்தடிக்கு வந்து சீட்டைச் சாய்ச்சுப் படுத்தாருன்னா அவ்வளவுதான். ஜனங்க வந்து கதவைத் தட்டற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. ஒருநாள் உள்ள காலெடுத்து வச்சுப் பார்த்ததில்லை நான்.”

புவனா டீயைக் குடித்தாள். கிளாசைக் கீழே வைத்தாள். வேலுசாமியின் முகத்தைப் பார்க்காமல் கோயிலைப் பார்த்து நடந்தாள்.

செருப்பை விட்டுவிட்டு அவளே முன்னால் போனாள். முதல் வாசலைத் தாண்டினார்கள். இரண்டாவது வாசலின் குளிர்ந்த இருட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் தாண்டியதும் முற்றம் பளிச்சென்று திறந்தது. நந்தி இருந்தது, அதற்குப் பின்னால் கோபுரம் எழுந்து நின்றது. வேலுசாமி அண்ணாந்து பார்த்தார். பெரிதாகத்தான் இருந்தது. வெளியே மரத்தடியிலிருந்து பார்த்த அதே கோபுரம்தான், ஆனால் அங்கிருந்து அது வானத்தில் தெரிகிற ஒரு பொருள். இங்கே அது காலடியிலிருந்து தொடங்கியது. அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாதம் சுட்டது.

புவனா விரித்திருந்த பாய் வழியாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். கோபுரத்தைச் சுற்றி வடக்குப் பக்கம் திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள். வேலுசாமி முட்டியைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

கல் பாவிய தரையில் கோபுரத்தின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. அதில் ஒரு குடும்பம் உட்கார்ந்து புளிசோறு பொட்டலத்தைப் பிரிக்கலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தது.

“நெழலு உழுவுதுங்களே” என்றாள் புவனா.

வேலுசாமி நிழலின் நுனி வரைக்கும் பார்த்தார்.

“இத்தன பெருசா உழுவுது. வனிதாகிட்ட எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். அவ தங்கச்சி மாப்பளகிட்டயெல்லாம் சொல்லி, நான் சொன்னன்னு…” அவர் பக்கம் திரும்பினாள். “அந்த மகாலு தூணு, பீரங்கி… அதெல்லாம் ஆருங்க பாத்தது?”

“வண்டியில பேசிக்குவாங்க. அதக் கேட்டு சொன்னதுதான்.”

“ஒருநாளாச்சும் உள்ள வந்திருக்கலாமுல்லீங்க? ஆராச்சும் வேண்டாம்னாங்களா?”

“ஆரும் வேண்டாம்னு சொல்லல.” அவர் நிழலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அவிய உள்ள போற நேரந்தான் புள்ள நான் தூங்கற நேரம். திரும்பி வந்தா உடனே அடுத்த ஊரு. அங்க போயி ராத்திரிக்கு ரூம்பு போட்டாலும் எனக்கு வண்டியிலதான் படுக்க. கோயிலு பெருசா இருந்தா நல்லதுன்னு நெனைப்பேன். அவிய வர நேரமாகும். நாலு தூணு இருக்கற சின்னக் கோயிலுன்னா படுத்தவுடனே கதவத் தட்டிருவாங்க. அவ்வளவுதான் எனக்கு தெரியும்.”

புவனா நின்றுகொண்டே கேட்டாள்.

“அப்பறம் ஏன் பாத்த மாதிரியே சொன்னீங்க?”

“நீ கேட்ட. சோறு போட்டுக்கிட்டே கேட்ட. தெரியலன்னு சொல்ல மனசு வல்ல.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா வேர்வையா என்று தெரியவில்லை. பிறகு கையிலிருந்த பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, “இங்கியே இருங்க. நான் பாத்துட்டு வாறேன்” என்று போனாள்.

வேலுசாமி பையின் மேல் கையை வைத்தார். கல்லில் முதுகு சாய்ந்திருந்தது. அந்தக் கல் வெயில் படாத பக்கமாக இருந்ததால் லேசான குளிர்ச்சி இருந்தது. பிள்ளைகளின் சத்தம் தூரத்தில் போனது.

“பெரியவரே! எந்திரிங்க. இங்க படுக்கக் கூடாது.”

கண் திறந்தால் காக்கிச் சட்டைக் காவலாளி. அவருக்குப் பின்னாலேயே புவனா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“படுக்கலீங்க, உக்காந்துதான் இருக்காருங்க.”

“தலை சாஞ்சிருச்சேம்மா.”

“தலைதானுங்க சாஞ்சுது. நொம்ப தூரத்துல இருந்து வாறோம். ஒடம்பு சுகமில்லாதவருங்க.”

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, உட்கார்ந்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் நடந்த நடையில் அவருக்கும் முட்டிவலி இருப்பது தெரிந்தது.

புவனா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. சுற்றுச் சுவரோரம் வரிசையாக லிங்கங்கள் இருப்பதாகச் சொன்னாள். சுவரில் பழைய சித்திரம் இருப்பதாகவும், பாதி அழிந்து போயிருப்பதாகவும், ஒரு பொம்பளையின் முகம் மட்டும் நன்றாக இருப்பதாகவும் சொன்னாள். இவ்வளவு பெரிய இடத்தை யார் கூட்டுகிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்த்தாளாம். மூன்று பெண்கள் ஒரு மூலையில் துடைப்பத்தை வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று வேலுசாமி கேட்டார்.

“கால் வலிக்குதுங்க” என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வண்டியில் திரும்பி வந்து ஏறும் ஜனங்களின் முகம் நினைவுக்கு வந்தது. சிவந்த முகம், காய்ந்த உதடு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிற கைகள். ஏறின பத்தாவது நிமிடம் வாயைத் திறந்தபடி தூக்கம். காசை விட்டெறிந்துவிட்டு ஊர் சுற்ற வந்தவர்களுக்கு இப்படி என்ன அசதி என்று அவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டதுண்டு. தான் விழித்திருக்கிற தைரியத்தில்தான் அவர்கள் தூங்குவதாக நினைத்ததும் உண்டு. இப்போது பார்த்தால் அவர்களும் அலுத்துத்தான் வந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வயசான அம்மாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு, சுடுகிற கல்லில் நடந்து, திரும்ப ஒருமுறை வர முடியாது என்பதற்காக எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

“பாக்கறதும் ஒரு வேலதான் போல” என்றார்.

புவனாவுக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் மத்தியானம் சாத்தியிருந்த சன்னிதி சாயங்காலம் திறந்ததும் அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். உள்ளே போய்க் கும்பிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

ஊருக்கு வந்த பிறகு வனிதாவிடம் புவனா உண்மையைச் சொன்னாள். “நெழலெல்லாம் நல்லா உழுவுது. எங்கூட்டுக்காரரு அதுல படுத்துத் தூங்கிட்டாரு” என்றாள். வனிதா விழுந்து விழுந்து சிரித்தாளாம். அதற்கப்புறம்தான் புவனாவும் சிரித்தாள்.

பங்குனியில் வேலுசாமி வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குப் போனார். காபி நாற்று வளர்க்கிற இடம். மண்ணையும் எருவையும் கலந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்ப வேண்டும். உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. முன்பு வந்த சம்பளம் இதில் வராது. தோளும் விரலும் வேறு மாதிரி வலித்தன. மே மாதக் கூட்டத்தில் வேன்கள் வரிசையாக மேலே ஏறும்போது கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் புதுசு, எவன் அவசரக்காரன் என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள், “மறுபடியும் ஓட்டலாமுல்லண்ணா?” என்று கேட்டால், “போதும் கண்ணு” என்பார். ராஜ்குமார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பேரனைப் பார்க்க இருவரும் கோரிமேட்டுக்குப் போனார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தான். ரம்யாவும் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வரை என்ன செய்வது என்று யோசித்தபோது, புவனாதான் சேலத்து மியூசியத்துக்குப் போகலாம் என்றாள். வேலுசாமி அந்த வழியாக எத்தனையோ தடவை வண்டி ஓட்டியிருக்கிறார். எந்தப் பயணியும் அங்கே நிறுத்தச் சொன்னதில்லை.

உள்ளே யாருமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊழியர் இவர்களைக் கண்டதும் எழுந்து லைட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே வந்து ஃபேனையும் போட்டுவிட்டார். “மெதுவாப் பாருங்க, அவசரமில்லை” என்றார்.

புவனா ஐந்தாவது வரை படித்தவள். கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். பழைய காசு, மண்பானை, வாளின் துரு. வேலுசாமி அவள் பின்னாலேயே நடந்தார். படித்து முடித்த பிறகுதான் பொருளைப் பார்ப்பார். சிலதைப் பார்த்துவிட்டு, “இன்னொருக்கா படி” என்பார். அவள் சலித்துக்கொள்ளாமல் படித்தாள்.

ஒரு நடுகல் முன்னால் அவர் நின்றார். கல்லில் ஒரு ஆள், ஒரு கையில் வில், ஒரு காலை முன்னால் வைத்து ஓடுகிறவன் மாதிரி. பக்கத்தில் சின்னதாக மாடு. கல் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. முகத்தில் மூக்கு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது.

“களவு போன மாட்ட மீக்கப் போயி செத்தவனாமுங்க” என்றாள் புவனா.

“பேரு?”

“போடலீங்க.” அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். “இல்லீங்க.”

“எத்தன தூரம் தொரத்திட்டுப் போயிருப்பான்?”

“அதெல்லாம் எழுதல.”

எதிரே ஒரு மரப்பலகை இருந்தது. வேலுசாமி அதில் போய் உட்கார்ந்தார். இங்கே படுக்கக் கூடாது என்று சொல்ல யாரும் வரவில்லை. அவருக்குத் தூக்கமும் வரவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஓடுகிறானா, ஓடி நின்றுவிட்டானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு மாதிரியும் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரியும் இருந்தது. புவனா அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள்.

“வாறேன்” என்றார். உடனே எழுந்திருக்கவில்லை.